செறிவு பெருகட்டும்



மேல்வகுப்பு மாணவர் அறிந்த எளிய சோதனை ஒன்றுண்டு. சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் கந்தகம் பிரிந்து கரைசல் கலங்கும். குடுவையின் அடியில் தாளில் இட்ட பெருக்கற்குறி மெல்ல மறையும். தயோசல்பேட்டின் செறிவை இரு மடங்காக்கினால், குறி மறையும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். துகள்கள் நெருங்க நெருங்க, அவை ஒன்றோடொன்று மோதும் வாய்ப்பும் மிகும் என்பதே காரணம். செறிவுக்கும் வேகத்திற்கும் உள்ள இவ்வுறவை ஜெர்மனி நாட்டு வில்ஹெல்மி 1850இல் சர்க்கரைக் கரைசலைக் கொண்டு அளந்து காட்டினார்.

நாம் வாழும் வளைகுடாவும் இப்பாடத்தையே புகட்டுகிறது. பெருங்கடல் நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. கடும் வெயிலால் நீர் ஆவியாகும் இக்கடலிலோ 40 கிராமும் அதற்கு மேலும். ஜெபல் அலி போன்ற இடங்களில் இந்நீரைக் காய்ச்சி வடிக்கும்போது, எஞ்சும் நீரின் செறிவு இன்னும் ஏறுகிறது. சுண்ணாம்புப் படிவு விரைந்து குழாய்களில் ஒட்டுகிறது. ஆகவே செறிந்த நீரில் ஒரு பகுதியை வெளியேற்றியும், படிவுத் தடுப்பு மருந்து இட்டும் காக்கின்றனர். நாம் பருகும் ஒவ்வொரு குவளை நீருக்குப் பின்னும் இவ்வறிவு நிற்கிறது.

இத்தனையையும் ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் பிள்ளையிடம், "அம்மாவுக்குத் தமிழில் சொல்" என்றால் திகைத்து நிற்கிறது. தேர்வு ஆங்கிலத்தில்தானே, தமிழில் எதற்கு என வினவுவோர் உளர். மனப்பாடம் செய்ததை அதே சொற்களில் திருப்பிச் சொல்லிவிடலாம். புரிந்துகொண்டதை மட்டுமே வேறு மொழியில் சொல்ல இயலும். எனவே தமிழில் சொல்லுதல் தேர்வுக்குத் தடையன்று, அறிவுக்கு உரைகல்.

சொல்லுக்கும் பஞ்சமில்லை. செறிவு என்பது நேற்று ஆக்கிய சொல்லன்று. அடக்கத்தைக் குறிக்க வள்ளுவர் ஆண்ட சொல் அது. தண்டியலங்காரம் கூறும் பத்துக் குணங்களுள்ளும் ஒன்று. அறிவியலுக்கும் அது இயல்பாகப் பொருந்துகிறது.

வாரம் ஒருநாள், சில மணி நேரம் மட்டும் கேட்கும் தமிழ், நீர்த்த கரைசல் போன்றது. வினை நிகழாமற் போகாது. ஆயின் குழந்தைப் பருவம் முடியுமுன் நிகழுமா என்பதே ஐயம். அதற்காகப் பிள்ளைகள்மீது சுமை ஏற்றவும் வேண்டா. வினையூக்கியின் பரப்பு நிரம்பியபின் செறிவைக் கூட்டினாலும் வேகம் கூடாத வினைகளும் உள. இரவு உணவின்போது, அன்று பள்ளியில் கற்ற ஒன்றைத் தமிழில் சொல்லச் சொல்லிச் செவிமடுங்கள். சொல் தடுமாறினால் எடுத்துக் கொடுங்கள். தமிழ்ப் பள்ளிகளும் வகுப்பில் ஒரு கால்மணி நேரத்தை அறிவியல் பேச்சுக்கு ஒதுக்கட்டும்.

மொழி வீட்டில் செறியட்டும், பள்ளியில் ஒளிரட்டும்!