நீர் மூட்டாத நெருப்பு

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்படாமல் போகும் ஒவ்வோர் ஆண்டும், கருகிய குறுவை நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் தஞ்சை ஜில்லாவில் யாராவது ஒருவர் மேடையேறி, அடுத்த உலக யுத்தம் தண்ணீருக்காகத்தான் மூளும் என்று முழங்குவது வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில் பிள்ளைகள் அதையே மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். 1995-இல் உலக வங்கியின் துணைத் தலைவர்களுள் ஒருவராயிருந்த எகிப்தியர் இஸ்மாயில் செராகல்டின் ஏறக்குறைய இதே கருத்தை வெளியிட்டது முதல், படித்தவர்களும் இதைப் பரீட்சித்துத் தேர்ந்த சாஸ்திர உண்மையைப்போலக் கையாளுகிறார்கள். காவிரிப் பாசனத்திலே பிறந்து, அந்த நீரில் விளைந்த நெல்லையே உண்டு வளர்ந்தவன் என்ற உரிமையோடு சொல்லுகிறேன்: இந்த அபிப்பிராயம் பிழையானது. செய்தவனை விட்டுவிட்டு ஆற்றின்மேல் பழி சுமத்துவதால், ஆபத்தானதும்கூட.

எங்கள் ஊர் கடைமடையில் இருக்கிறது. கல்லணையில் திறந்துவிட்ட தண்ணீர் தலைமடைக்காரர்கள் அத்தனை பேருடைய வயலையும் நனைத்த பிறகு, மிச்சமிருந்தால் வந்து சேருகிற இடத்துக்குத்தான் கடைமடை என்று பெயர். நான் சிறுவனாக இருந்தபோது, முறை வைத்துத் தண்ணீர் விட்ட ஒரு வறண்ட ஆண்டில், நடுநிசியில் மடையண்டை கூச்சல் கேட்டு என் தகப்பனார் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு ஓட, நானும் பின்னாலேயே ஓடினேன். பங்காளிகள் இருவர் முழங்கால் சேற்றில் மண்வெட்டியை ஓங்கியபடி நின்றார்கள். மூத்தவர் மடைவாயில் வைத்து அடைத்திருந்த வைக்கோலையும் மண்ணையும் இளையவர் வெட்டி எடுத்திருந்தார். "ஏண்டா தம்பி, என் நாத்து செத்தா உனக்கு என்னடா லாபம்?" என்று கேட்டார் மூத்தவர். "உங்க முறை பொழுதோட முடிஞ்சு போச்சுண்ணே" என்றார் இளையவர். என் தகப்பனார் விளக்கை மதகுக் கட்டைமேல் வைத்துவிட்டு, கோழி கூவும்வரை ஒருவருக்கு, அதன் பின் மற்றவருக்கு என்று சொன்னார். சற்று நேரத்தில் இருவரும் வரப்பில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்திலிருந்து புகையிலை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அதே ஊரில் மெய்யாகவே மண்டை உடைந்து, மூன்று குடும்பங்கள் வருஷக் கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தது எதற்காக என்றால், கோயில் திருவிழாவில் பரிவட்டம் முதலில் யாருக்கு என்ற வழக்குக்காக. அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டி ஓடிற்று.

ஓர் ஊரின் கதையைக்கொண்டு உலகத்தை அளக்கலாமா என்று கேட்பார்கள். நாட்டின் கதையையே பார்ப்போம். எதிர்த்தரப்பார் காட்டக்கூடிய மிக வலுவான சாட்சியையும் நானே அழைக்கிறேன். 1700-ஐ ஒட்டிய காலத்தில் மைசூர் அரசர் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே ஓர் அணை எழுப்பித் தண்ணீரை மறித்தார் என்றும், மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளும் தஞ்சை மராட்டிய அரசர் சாகஜியும் சேர்ந்து அவர்மேல் படையெடுக்கத் துணிந்தார்கள் என்றும், அதற்குள் பெருமழையில் அந்த அணை அடித்துச் செல்லப்பட்டது என்றும் சரித்திரம் கூறுகிறது. காவிரிக்காக ஒரு யுத்தம் இதைக்காட்டிலும் கிட்டே வந்ததாகத் தெரியவில்லை, அதுவும் நடக்கவில்லை. ஆனால் என் மனத்தைத் தொடுவது வேறொரு விஷயம். மதுரையும் தஞ்சையும் அதற்குச் சற்று முன்புதான் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்த ராஜ்யங்கள்; எல்லைக்காகவும் கொள்ளைக்காகவும் மோதிய அவ்விரண்டையும், வறண்ட ஆறு ஒரே பந்தியில் உட்கார வைத்தது.

அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின் நடந்தவற்றைப் பாருங்கள். 1754-இல் பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் கல்லணைக்கு அருகிலுள்ள கோவிலடியைப் பிடித்து, காவிரி நீர் கொள்ளிடத்தில் வடிந்து போகும்படி கரையை வெட்டின. தஞ்சை அரசரை அச்சுறுத்தி ஆங்கிலேயர் பக்கத்திலிருந்து இழுப்பது அவர்கள் நோக்கம். இங்கே நீர் ஆயுதமாயிற்றே ஒழியக் காரணமாகவில்லை; வாளால் வெட்டுண்டவனைப் பார்த்து இரும்பே கொலைக்குக் காரணம் என்று சொல்லுவாருண்டோ? பிறகு அதே கரையைச் செப்பனிடும் உரிமை யாருக்கு என்று ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலிக்கும் தஞ்சை அரசருக்கும் 1760-களில் எழுந்த தகராறு, முழுக்க முழுக்கத் தண்ணீர்த் தகராறு. தஞ்சையின் ஜீவனே அந்தக் கரையில் இருந்தது. அந்த வழக்கு சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கும்பெனியாரின் விசாரணையில், காகிதத்திலேயே தீர்ந்தது. அரசரின் ஆட்கள் வந்து பழுது பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பட்டது.

ஆனால் 1773 செப்டம்பரில் அதே நவாபுக்காகக் கும்பெனிப் படை தஞ்சைக் கோட்டையைப் பிடித்து, துளஜாஜி மகாராஜாவைச் சிறை வைத்ததே, அது எதனால்? நவாபு ஆங்கிலேய வட்டிக்காரர்களிடம் கழுத்தளவு கடன்பட்டிருந்தார். தஞ்சையின் நெல்லோ பிரத்தியட்சமாகக் கண்ணெதிரே குவிந்து கிடந்த பொக்கிஷம். 1776-இல் கவர்னர் பிகட் பிரபு மகாராஜாவுக்கு ராஜ்யத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, பால் பென்ஃபீல்டு என்ற கும்பெனி உத்தியோகஸ்தர், தஞ்சையின் வருமானமும் வயலில் நின்ற பயிரும் தம் கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுக்கப்பட்டவை என்று பத்திரத்தை நீட்டினார். அதை ஏற்க மறுத்த கவர்னரை, சொந்த ஆலோசனைச் சபையாரே அந்த ஆகஸ்டில் பிடித்துக் காவலில் வைத்தார்கள். மறு வருஷம் அவர் காவலிலேயே இறந்தார். இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்க்கிறேன்; நீர்க்குறைவு என்பதை எங்கும் காணோம். விளைச்சல் நிறைந்திருந்ததால்தான் அதை நம்பிக் கடன் கொடுக்க ஆள் கிடைத்தான். கடன் நிறைந்ததால்தான் பீரங்கி வந்தது. 1781-இல் ஹைதர் அலியின் படை எங்கள் நாட்டில் புகுந்து, குடிகளையும் கால்நடைகளையும் ஓட்டிச் சென்று, வயல்களைப் பாழாக்கிப் பஞ்சத்தை விட்டுப்போனது. பஞ்சம் அந்தப் படைக்குப் பின்னால் வந்ததே தவிர, முன்னால் வரவில்லை.

இன்னும் பின்னோக்கிப் போனாலும் இதே செய்திதான். தஞ்சைப் பெரிய கோயிலாகிய ராஜராஜேச்சுவரத்துக் கல்வெட்டுகளில், சேரனையும் பாண்டியரையும் வென்று கொண்ட பொன்னும் வெள்ளியும் கோயிலுக்குக் கொடுக்கப்பட்டதாகப் பொறித்திருக்கிறது. ஈழத்து ஊர்களிலிருந்து வருமானம் வந்ததும் அங்கே இருக்கிறது. தஞ்சைச் சோழர் தாகத்தால் தவித்துக் கடல் கடந்தவர்கள் அல்லர். அந்தக் கோயிலை நான் நேசிக்கிறேன். நேசிப்பதனால்தான் அதன் சுவரில் எழுதியிருப்பதை மறைக்க மனம் வரவில்லை.

நதி வழக்குகளின் வரலாற்றை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஆரன் உல்ஃப், தண்ணீருக்காகவே இரு ராஜ்யங்கள் யுத்தம் செய்ததற்குத் தெளிவான உதாரணம் தேடி, ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முன் மெசபடோமியாவில் லகாஷ், உம்மா என்ற இரண்டு நகரங்கள் மோதிக்கொண்ட ஒன்றைத்தான் கண்டார். மறுபுறம், கி.பி. 805 முதல் ஏற்பட்ட நீர் உடன்படிக்கைகள் 3,600-க்கு மேல் என்று ஐ.நா. உணவு, விவசாய அமைப்பின் கணக்கு சொல்லுகிறது. 1960-இல் கையெழுத்தான சிந்து நதி உடன்படிக்கை 1965, 1971, 1999 என்று மூன்று யுத்தங்களைத் தாண்டி நின்றது. 1965-இல் எல்லையில் பீரங்கி முழங்கிய வேளையிலும், உடன்படிக்கைப்படி பாகிஸ்தானின் கால்வாய்களுக்காகத் தரவேண்டிய தவணையை இந்தியா கட்டியது. 2025 ஏப்ரலில் அந்த உடன்படிக்கை நிறுத்தி வைக்கப்பட்டதும் பஹல்காமில் நடந்த படுகொலைக்குப் பதிலாகவே. ஆற்றில் நீர் குறைந்ததற்காக அன்று.

ஈழத்தின் மாவிலாற்றை எடுத்துக் காட்டுவோர் உண்டு. 2006 ஜூலையில் அங்கே விடுதலைப்புலிகள் மதகை மூடினார்கள், ராணுவம் புறப்பட்டது, யுத்தத்தின் கடைசிக் கட்டம் தொடங்கியது என்பது உண்மைதான். அப்போது அந்த யுத்தத்துக்கு 23 வயது. அந்த மதகு திறந்தே இருந்திருந்தால் முள்ளிவாய்க்கால் நேர்ந்திராது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடிய தமிழர் எவரேனும் உளரா?

அப்படியானால் பிணக்கு யுத்தமாக மாறுவது எப்போது? ஏதென்ஸின் வளர்ச்சி ஸ்பார்ட்டாவுக்கு ஊட்டிய அச்சமே யுத்தத்துக்கு வித்து என்றான் பழைய கிரேக்க ஆசிரியன் தூசிடிடீஸ். நம் காலத்து அரசியல் அறிஞர் ஜேம்ஸ் ஃபியரான் கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது: யுத்தத்தில் இரு தரப்புக்கும் நஷ்டம் நிச்சயம் என்றிருக்க, அதே பங்கீட்டை முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளாமல் ஏன் சாகிறார்கள்? இன்று ஒப்புக்கொள்பவன் நாளைக்குப் பலம் பெற்றதும் சொல் மாறுவான் என்ற சந்தேகத்தையும், எதிரியின் கையிருப்பை அறிய முடியாமையையும் அவர் காரணமாகக் காட்டினார். எனக்கு இது என் தகப்பனார் மதகில் வைத்த விளக்கை நினைவூட்டுகிறது. வெளிச்சமும், சொன்ன சொல்லைக் காக்கச் செய்யும் ஓர் ஆளும் இருந்தால், மண்வெட்டி கீழே இறங்கும். 1924-இல் சென்னையும் மைசூரும் செய்துகொண்ட காவிரி ஒப்பந்தம், 1990-இல் அமைந்த நடுவர் மன்றம், 2007-இல் அது தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய 419 டி.எம்.சி., பிலிகுண்டுலுவில் ஆற்றை அளக்கும் நிலையம், 2018-இல் மேலிருந்து நமக்கு வரவேண்டிய 192-ஐ 177.25-ஆகக் குறைத்த சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு ஆகிய இவை யாவும் குறையுடையவைதான். அந்தக் குறைகளால் என் ஊர் வயல்கள் வெடித்ததும் உண்டு. ஆயினும் அந்த விளக்கின் வேலையை இவை செய்கின்றன.

1991 டிசம்பரைச் சொல்லி என் வாயை அடைப்பார்கள். நடுவர் மன்றத்தின் 205 டி.எம்.சி. இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள், ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினார்கள். அந்த அநியாயத்தை என்னால் மறக்க முடியாது. ஆனால் அடித்தவர்கள் வரப்பிலிருந்து வந்த மாண்டியா விவசாயிகள் அல்லர். நகரத் தெருக்களில் திரட்டப்பட்ட கூட்டம். அடிபட்டவர்களில் பெரும்பாலோர் கூலிகள், குடிசைவாசிகள்; காவிரிப் பாசனத்தில் ஒரு குழி நிலமும் இல்லாதவர்கள். 1995-இல் மழை பொய்த்து ஆறு மெய்யாகவே வறண்டபோது அப்படி ஒரு வெறியாட்டம் நிகழவில்லை. 2016-இல் வறட்சியும் வன்முறையும் சேர்ந்து வந்ததை ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் பஸ்கள் எரிந்தது நகரத்திலேதான். தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிவிட்டால், கூட்டத்தைத் திரட்டியவன் யார், போலீசார் ஏன் தாமதித்தனர், அதனால் ஓட்டு யாருக்கு விழுந்தது என்ற கேள்விகள் எல்லாம் ஆற்றோடு போய்விடுகின்றன.

இதே குற்றத்தை, வறுமையே கலகத்தின் தாய் என்போரும் செய்கிறார்கள். 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. அக்காலத்தில் எங்கள் ஜில்லா தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டு, புது விதையும் உரமும் கண்ட ஜில்லா. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டவர்கள் ஏழைகள். நெருப்பு வைத்தது ஏழ்மை அன்று.

ஆற்றுக்கே திரும்புகிறேன். 2003-இல், காவிரி இரண்டு பருவம் தொடர்ந்து வறண்டு கிடந்த வேளையில், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துப் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் போன்றோரின் முயற்சியால் இரு மாநிலத்து விவசாயிகள் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். கர்நாடகத்தார் இங்கே வந்து வெடித்த வயலைப் பார்த்தார்கள். நம்மவர்கள் அங்கே போய் அவர்களுடைய பயிரைப் பார்த்தார்கள். அரசாங்கங்கள் ஏற்கும்படியான தீர்வொன்றும் அதிலிருந்து பிறக்கவில்லை. தங்கள் கூட்டத்துக்கு அவர்கள் இட்டுக்கொண்ட பெயர் காவிரிக் குடும்பம். பங்காளிச் சண்டை இன்னதென்று அறிந்தவர்கள் வைத்த பெயர் அது.