கிராஸை மாத்தினா ஆட்டம் போயிடுமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நம் வகுப்பில் பாதிப் பேர் கவிதை கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. புரொப்பல்லர் ஷாஃப்ட் பற்றி வேண்டுமானால் எழுதுகிறேன் என்றேன். சிரித்தார்கள். சிரித்தவர்கள்தான் இதை முதலில் படிக்க வேண்டும்!

என் தாய்மாமா ஒரு சிறிய ஷெட் வைத்திருக்கிறார். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவர். முப்பது வருஷமாக அம்பாசிடர்தான் அவருக்குச் சோறு. 1950களின் கடைசியில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வைத்து உத்தர்பாராவில் செய்யத் தொடங்கிய கார். 2014 மே மாதத்தோடு தயாரிப்பு நின்றுபோனது. இன்று அது 'பழைய கார்' என்ற மரியாதையோடு கல்யாண ஊர்வலத்துக்கும் சினிமா ஷூட்டிங்குக்கும் போகிறது. ஆனால் ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும், அதை ஓட வைப்பது என்ன பாடு என்று!

போன மே மாத விடுமுறையில் நான் அங்கே எடுபிடி. அப்போது 1984ஆம் வருஷத்து அம்பாசிடர் ஒன்று வந்தது. உரிமையாளர் அதைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறவர். அந்த ஒரு வண்டிதான் அவருக்கு. பழைய எஞ்சினை இறக்கிவிட்டு, 1990களில் வந்த 1800 ஐசுசூ எஞ்சினையும் 5 கியர் பெட்டியையும் ஏற்றியிருந்தார். பெட்டியின் நீளம் மாறியதால் ஷாஃப்ட்டை ஒரு பட்டறையில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து 55 தாண்டினால் ஆட்டம். 70இல் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைக்குப் பல் கிட்டும் என்றார்.

எங்கேயும் நடப்பதுதான் நடந்தது. "கிராஸ் போயிருக்கும், மாத்திடலாம்." மாற்றினோம். ஆட்டம் போகவில்லை. கம்பெனி கிராஸ் போடவில்லை என்று வேறொரு செட். அப்போதும் போகவில்லை. மூன்றாவது முறையும் மாற்றினோம். மூன்று செட்டுக்கும் காசு கொடுத்தது அந்த மனுஷன்.

நண்பர்களே, இதில் என் பாவமும் உண்டு. இரண்டாவது முறை ஷாஃப்ட்டைக் கீழே இறக்கி வைத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு முனையிலும் உள்ள கவைகள் ஒரே நேரில் இல்லை. கடிகார முகத்தில் ஒன்று 12இல் நின்றால் மற்றது 1இல் நிற்பது போல, கிட்டத்தட்ட 30 டிகிரி விலகல். 'தியரி ஆஃப் மெஷின்ஸ்' பாடத்தில் ஹூக் ஜாயிண்ட் படம் போட்டு மார்க் வாங்கியவன் நான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. மாமாவுக்குப் போய் நான் சொல்வதா? அதுவும் வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்கும்போது? எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். அதனாலேயே 'படிச்சிட்டான்ல, திமிரு' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயம் எப்போதும் உண்டு. அந்தப் பயத்துக்கு மூன்றாவது செட்டின் விலையை வேறொருவர் கொடுத்தார்.

பாடத்தை ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். சாய்வாக நிற்கும் ஒரு கிராஸ் ஜாயிண்ட், சுற்றைச் சீராகக் கடத்தாது. 10 டிகிரி சாய்வு என்று வையுங்கள். முன்னால் உள்ள தண்டு நிமிடத்துக்கு 2,000 சுற்று சீராகச் சுற்றினாலும், பின்னால் உள்ள தண்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 1,970க்கும் 2,030க்கும் நடுவே இரண்டு முறை ஏறி இறங்கும். இது தேய்மானம் இல்லை, புத்தம் புது கிராஸிலும் உண்டு. அதனால்தான் இரண்டு ஜாயிண்ட். முதலாவது செய்யும் கோணலை இரண்டாவது நிமிர்த்திவிடும். அதற்கு நிபந்தனை உண்டு. ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். இரண்டு ஜாயிண்ட்டின் சாய்வும் சமமாக இருக்க வேண்டும். கியர் பெட்டி பின்பக்கம் எத்தனை டிகிரி தாழ்ந்திருக்கிறதோ, பின் அச்சின் பினியன் மூக்கு அத்தனை டிகிரி தூக்கியிருக்க வேண்டும். இது தவறினால் தங்கத்தில் கிராஸ் செய்து போட்டாலும் ஆடத்தான் செய்யும்!

மூன்றாவது செட்டும் தோற்ற அன்று ராத்திரி, மாமா தனியாக இருக்கும்போது சொன்னேன். "மாமா, கவை ரெண்டும் நேரா இல்லையோன்னு தோணுது." அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஷாஃப்ட்டை இறக்கி இரண்டு மரக்கட்டை மேல் கிடத்தினார். கிராஸைக் கழற்றிவிட்டு, கவையின் இரு கண்களிலும் நேரான கம்பியைச் செருகி, பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் வாங்கிய ரசமட்டத்தை அதன் மேல் வைத்தார். முன் கவையில் குமிழ் நடுவில் நின்றது. பின் கவையில் குமிழ் ஓரத்துக்கு ஓடிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். "மாப்ள, இது உனக்கு எப்பவே தெரியும்?"

இரண்டாவது செட்டின்போதே என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். மூன்றாவது செட்டின் காசை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்தார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

லாரி ஷாஃப்ட் வேலை செய்யும் இடத்தில் வெல்டிங்கை அறுத்து, கவையை நேராக்கி ஒட்டி, பாலன்ஸும் பார்த்து வாங்கி வந்தோம். ஆட்டம் முக்கால்வாசி போய்விட்டது. நான் வெற்றி வீரன் போல நின்றேன். ஆனால் 75இல் தரையில் ஒரு முனகல் மிச்சம் இருந்தது. இப்போது என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

மாமா ஓட்டிப் பார்த்தார். முனகும் வேகத்தில் நியூட்ரலில் தள்ளினார். முனகல் நிற்கவில்லை, அதனால் எஞ்சின் இல்லை. ஸ்டியரிங் ஆடவில்லை, தரைதான் ரீங்காரமிட்டது; அதனால் சக்கரமும் இல்லை. (இதற்குக் கணக்கு உண்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் அம்பாசிடர் சக்கரம் நொடிக்கு எட்டு சுற்றுக்குப் பக்கம். ஷாஃப்ட் அதைப்போல ஏறத்தாழ நாலு மடங்கு சுற்றும். எட்டு என்பது குலுக்கல், முப்பது என்பது ரீங்காரம். மாமாவுக்குக் கணக்கு தெரியாது, காது தெரியும்.) வண்டிக்கு அடியில் படுத்து, கியர் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைத் தடவினார். புதுப் பெட்டிக்காக வெல்டிங் வைத்தவர்கள் சட்டத்தைத் தாழ்வாக வைத்திருந்தார்கள். ரசமட்டத்தையும் என் கோணமானியையும் வைத்து அளந்தோம். பெட்டி 7 டிகிரி, பினியன் 4. மவுண்டிங் ரப்பருக்கு அடியில் தகடு வைத்து உயர்த்தி, வித்தியாசத்தை அரை டிகிரிக்குள் கொண்டுவர மூன்று தடவை இறக்கி ஏற்றினோம். முனகல் போயிற்று.

சிலர் கேட்பீர்கள்: 'இப்போது வரும் கார் பெரும்பாலும் முன் சக்கரத்தில் ஓடுகிறது, இந்த ஷாஃப்ட் கதை எதற்கு?' லாரி எதில் ஓடுகிறது? பஸ்? பொலிரோ? அதோடு, முன் சக்கரக் காரில் இருக்கும் சி.வி. ஜாயிண்ட் ஏன் வந்தது என்றால், கிராஸ் ஜாயிண்ட்டின் இந்தக் குறையால்தான். குறையைக் கையில் உணராதவன் தீர்வை மனப்பாடம்தான் செய்வான்.

என் புகார் இதுதான். நம் ஆய்வகத்தில் ஒரு ஷாஃப்ட் இருக்கிறது. சிவப்பும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்து, ஸ்டாண்டில் மாட்டி வைத்திருக்கிறார்கள். மூன்று வருஷமாக அது சுற்றியதை யாரும் பார்த்ததில்லை. 'இரு கவைகளும் ஒரே தளத்தில் அமைய வேண்டும்' என்று எல்லோரும் எழுதுகிறோம். அமையாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பேப்பரும் கேட்பதில்லை. எதிர்ப்பக்கம் ஷெட்டுகளில் ஆயிரம் கிராஸ் மாற்றிய கைகள் இருக்கின்றன. ஏன் என்று அவர்களுக்குச் சொல்ல நம்மில் யாரும் போவதில்லை. நம்மைக் கேவலமாகப் பேசுகிறார்கள் என்று மட்டும் வருத்தப்படுகிறோம். பேசாமல் என்ன செய்வார்கள்? கையில் கிரீஸ் படாத டிப்ளமாவை நானாக இருந்தாலும் பேசுவேன்.

மாணவர் சங்கம் இந்த வருஷம் கல்லூரி முதல்வரிடம் வைக்கும் கோரிக்கைகளில் இதையும் சேர்க்க வேண்டுகிறேன். பழைய இரும்பு விலைக்கு ஓடும் நிலையில் ஒரு அம்பாசிடர். வெட்டிப் பெயின்ட் அடிக்க வேண்டாம், ஓடட்டும். ஒரு பேட்ச் ஷாஃப்ட்டில் வேண்டுமென்றே கோளாறு வைக்கட்டும், அடுத்த பேட்ச் கண்டுபிடிக்கட்டும். சனிக்கிழமைகளில் பக்கத்து ஷெட்காரர்களையும் கூப்பிடலாம். என் மாமா வருவதாகச் சொல்லியிருக்கிறார். "வாத்தியாருங்க திட்ட மாட்டாங்கள்ல?" என்று மட்டும் கேட்டார்.