விமானிகள் சிரிக்கும் படங்கள்

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த நாள். மாமல்லபுரம் கடற்கரை முழுக்கக் காற்றும் மழையும். சென்னை விமான நிலையத்தில் இறங்க வந்த இண்டிகோ விமானம் ஒன்று, ஓடுபாதையைத் தொடும் நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உடனே மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. அந்தக் காணொளி ஊரெல்லாம் சுற்றியது. ‘நூலிழையில் தப்பியது’ என்று தலைப்புகள் வந்தன. பார்த்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது.

விமானிகளின் கண்ணுக்குப் பட்டது வேறு. பக்கவாட்டுக் காற்று தள்ளுகிறது, இறக்கை சாய்கிறது, இனி இறங்குவது சரிப்படாது என்று தெரிந்ததும் எஞ்சினுக்கு விசை கூட்டி மேலேறிவிடுகிறார்கள். ‘கோ-அரவுண்ட்’ என்பார்கள். ஒவ்வொரு விமானியும் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பழகும் வேலை இது. வகுத்த நடைமுறைப்படியே விமானி செயல்பட்டார் என்று நிறுவனமும் விளக்கம் சொன்னது. ஆனால் விளக்கம் போய்ச் சேருவதற்குள் பயம் ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

விமானிகள் கூடும் இடத்தில் இப்படிப்பட்ட படங்கள்தான் பேச்சுக்குத் தீனி. விசித்திரமான படம் ஒன்றை ஒருவர் நீட்டுவார். அடுத்தவர் அதற்கு ஒரு நக்கல் வசனம் சொல்வார். மூன்றாமவர் அதையும் மிஞ்சப் பார்ப்பார். வெளியிலிருந்து கேட்டால் வெறும் அரட்டை. உள்ளே நடப்பது கூர்மையான சோதனை. சக்கரம் இறங்கியிருக்கிறதா, காற்று எந்தப் பக்கம், இறக்கையின் மடிப்புப் பலகைகள் (ஃபிளாப்) எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்காமல் அந்தக் கேலியைச் செய்யவே முடியாது.

2022 நவம்பரில் ஆந்திரத்தின் பாபட்லா மாவட்டம் கொரிசபாடு அருகே, சாலைச் சுரங்கப்பாதையில் ஒரு விமானம் மாட்டிக்கொண்டது. கொச்சியிலிருந்து ஹைதராபாத்துக்கு லாரியில் போன பழைய விமானம். அதை உணவகமாக்குவதாகத் திட்டம். அதற்கு முந்தைய ஆண்டு டெல்லி அருகே ஒரு நடைமேம்பாலத்தின் அடியிலும், 2023 டிசம்பரில் பீகாரின் மோதிஹாரியிலும் இதே காட்சி. ஏதோ விபத்து என்று பதறியவர்கள் உண்டு. இறக்கை கழற்றப்பட்டிருப்பதை முதலில் கவனிக்கிற விமானிக்கோ, உயரத்தைக் கணக்குப் போடத் தவறிய லாரி ஓட்டுநரை வைத்து எத்தனை வசனம் வேண்டுமானாலும் பிறக்கும்.

இன்னொரு வகை, பயணிகளே எடுக்கும் படம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ சேலத்துக்கோ போகும் ஏ.டி.ஆர். விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் புரொப்பல்லரைப் படமெடுத்துப் பாருங்கள். ஆறு தகடுகளும் வாழைப்பழம்போல் வளைந்திருக்கும். சில அச்சைவிட்டுப் பிரிந்து காற்றில் மிதக்கும். பறக்கும்போது அந்தப் புரொப்பல்லர் நொடிக்குப் பதினாறு முறைக்கு மேல் சுற்றுகிறது. செல்போன் கேமராவோ படத்தை ஒரே மூச்சில் பிடிப்பதில்லை, வரிவரியாகப் பதிகிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் தகடு நகர்ந்துவிடுகிறது. புரொப்பல்லர் நன்றாகத்தான் இருக்கிறது. வளைந்தது படம் மட்டுமே.

பரங்கிமலைத் தேவாலயத்தை உரசிக்கொண்டு போவதுபோல் தெரியும் விமானப் படங்களும் அப்படித்தான். தொலைவிலிருந்து பெரிய ஜூம் லென்ஸில் எடுத்தால், முன்னால் இருப்பதும் வெகு தூரத்தில் பறப்பதும் ஒட்டிக்கொண்டு தெரியும்.

கேலியைப் பாதுகாப்புப் பாடமாகவே நடத்திய வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை 1941-இல் ‘டீ எம்’ என்ற பயிற்சி இதழைத் தொடங்கியது. அதில் பைலட் ஆபீசர் ப்ரூன் என்ற கற்பனை விமானி வந்தார். பில் ஹூப்பர் வரைந்த பாத்திரம். செய்யக்கூடாததை எல்லாம் செய்பவர் ப்ரூன். நிஜத்தில் அசட்டுத்தனமாகத் தவறு செய்தவர்களுக்கு மாதாமாதம் ‘எடுக்க முடியாத விரல்’ என்ற கேலிப் பதக்கம் வேறு. அதிகாரியின் சுற்றறிக்கையைப் படிக்காதவனும் ப்ரூனைப் படித்தான்.

இப்படிப் படம் பார்க்கத் தெரிந்த கண்களைத் தேடி வெகு தூரம் போக வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டத்துக்கு விமானம் அன்னியமல்ல. தாம்பரம் விமானப்படை நிலையத்தில் 1954 முதல் பறத்தல் பயிற்றுநர் பள்ளி நடக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் இடம். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் நிறுத்தி வைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள் மாணவர் அப்துல் கலாமை ஈர்த்ததை அவரே எழுதியிருக்கிறார்.

2025 நவம்பர் 14 அன்று திருப்போரூர் அருகே விமானப்படையின் பி.சி-7 பயிற்சி விமானம் விழுந்தது. விமானி பாராசூட்டில் குதித்து உயிர் பிழைத்தார். இப்படி ஒரு நாளில் வரும் படத்துக்கு யாரும் வசனம் எழுத வேண்டாம். விசாரணை முடியட்டும். சிரிக்கவும் ஒரு நேரம் இருக்கிறது என்பதைத் தொழில் தெரிந்த விமானி அறிவார். கையில் செல்போன் வைத்திருக்கும் நாமும் அறிந்திருக்க வேண்டும்.

ஊடகங்களிடம் கேட்பது ஒன்றுதான். தாம்பரம், சேலையூர் பக்கம் ஓய்வுபெற்ற விமானப்படையினர் பலர் குடியிருக்கிறார்கள். விசித்திரமான விமானப் படம் கைக்கு வந்தால், அச்சுக்குப் போகுமுன் அவர்களில் ஒருவருக்குக் காட்டலாம். அவர் சிரித்தால் ஏன் சிரித்தார் என்று கேட்டு, அந்தப் பதிலைப் படத்தின் கீழே போடலாம். அவர் சிரிக்காமல் படத்தையே உற்றுப் பார்த்தால், அங்கே விசாரிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் வருகிறது, மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பக்கவாட்டுக் காற்றும் வீசத்தான் போகிறது. அடுத்த காணொளியின் கீழே காற்று எந்தப் பக்கம் அடித்தது, விமானம் பிறகு எங்கே, எத்தனை மணிக்கு இறங்கியது என்ற இரண்டு வரிகளாவது இருக்கட்டும்.