கடாரப் பேரரசு: ஒரு கற்பனைக்கு மறுப்பு

சோழர் கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை, விட்டு அகலாமல் ஆண்டிருந்தால் மலாயாத் தீபகற்பத்தில் தமிழ்ப் பேரரசு ஒன்று இன்றளவும் நிலைத்திருக்கும் என்னும் கருத்து, கூலிம், சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரத் தமிழரிடையே மேடைப் பேச்சுகளிலும் விழா மலர்களிலும் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. குனோங் ஜெராய் மலைக்கும் மூடா ஆற்றுக்கும் இடையே மெர்போக் ஆற்றை ஒட்டிக் கிடக்கும் பூஜாங் பள்ளத்தாக்கே பழைய கடாரத்தின் நடுவிடம் என்பதும், அங்கே வெளிப்பட்ட கோயில் அடித்தளங்களும் சிற்பங்களும் இந்தியாவோடு, குறிப்பாகத் தமிழகக் கடற்கரையோடு, கொண்டிருந்த உறவைக் காட்டுகின்றன என்பதும் ஆய்வாளர் பலரும் ஏற்றுக்கொண்ட செய்திகளாகும். அச்செய்திகளிலிருந்து பேரரசுக் கனவுக்குத் தாவுவோர் நான்கு வாதங்களை முன்வைக்கின்றனர். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தால், எதுவும் சான்றுகளின் முன் நிற்கவில்லை என்பது விளங்கும்.

நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாக வைத்துக்கொண்டு அதன் விளைவுகளை ஆராயும் முறை மாற்று வரலாறு எனப்படும். அம்முறை தன்னளவில் குற்றமுடையதன்று. ஒரு காரணத்தை மட்டும் மாற்றி, மற்றவற்றை இருந்தபடியே விட்டு, அப்போது என்ன விளையும் என்று கேட்கும்வரை அது வரலாற்றறிவைக் கூர்மையாக்கும். கடாரம் பேரரசாக வேண்டுமென்றாலோ காற்றின் போக்கையும், நிலத்தின் இயல்பையும், சோழ நாட்டின் உட்பூசல்களையும், கடல் வணிகத்தின் தன்மையையும் ஒருங்கே மாற்றியாக வேண்டும் என்பதால், இங்கே அந்த முறை தன் எல்லையைக் கடந்துவிடுகிறது.

முதல் வாதம்: கடாரம் சோழர் உருவாக்கிய நாடு

இவ்வாதத்தைக் காலக்கணக்கு ஒன்றே தகர்த்துவிடும். சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், உலைக்குக் காற்றூதப் பயன்பட்ட மண்குழாய்களும், படகுத்துறையின் எச்சங்களும் வெளிப்பட்டன. அவற்றுள் மிகப் பழையவற்றின் காலம் குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இருந்தாலும், பொது ஆண்டின் முதல் நூற்றாண்டுகளிலேயே அங்கு இரும்புத் தொழில் நடந்தது என்பது தெளிவு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவனின் கல்வெட்டு இன்றைய செபராங் பிறை பகுதியில் 1834இல் கண்டெடுக்கப்பட்டது. 671இல் சீனத்திலிருந்து புறப்பட்ட பௌத்தத் துறவி இ-சிங், சுமாத்திராவின் ஸ்ரீவிஜய அரசில் தங்கியபின் கெடா வழியாகவே இந்தியாவுக்குக் கப்பலேறினார். ராஜேந்திர சோழனின் படை வந்தது 1025ஆம் ஆண்டளவில். அதற்குள் அங்கிருந்த துறைமுகம் குறைந்தது ஐந்நூறு ஆண்டு வளர்ச்சியைக் கண்டுவிட்டது. அதன் உலைகளில் உழைத்தோரும் துறைகளில் சுமை இறக்கியோரும் பெரும்பாலும் அம்மண்ணின் மக்களே என்பதை மறந்துவிட்டு, அந்நாட்டின் தோற்றத்தைக் கடல் கடந்து வந்த மன்னன் ஒருவனுக்கு உரியதாக்குவது நீதியாகாது.

இரண்டாம் வாதம்: சோழர் கடாரத்தை ஆண்டனர்

மெய்க்கீர்த்தி என்பது அரசனின் வெற்றிகளைத் தொகுத்துக் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் பொறிக்கும் புகழ்ப்பகுதி. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், கடாரம் முதலிய ஊர்களை வரிசைப்படுத்தி, கடாரத்தரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்ததையும், அவனுடைய யானைகளையும், குவித்து வைத்திருந்த பொருளையும், அணி செய்த வாயில் தோரணத்தையும் கவர்ந்ததையும் சொல்கிறது. எந்த அதிகாரியை அங்கே அமர்த்தினான், எவ்வளவு நிலத்தை அளந்தான், யாரிடம் வரி தண்டினான் என்பவற்றைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை.

சோழர் உண்மையிலேயே ஆண்ட கடல் கடந்த நிலம் எப்படியிருந்தது என்பதை இலங்கை காட்டுகிறது. 993ஆம் ஆண்டளவில் அநுராதபுரத்தை வென்ற சோழர், வென்ற பகுதிக்கு மும்முடிச் சோழ மண்டலம் என்றும், பொலன்னறுவைக்குச் சனநாதமங்கலம் என்றும் பெயரிட்டனர். அங்கே வானவன்மாதேவி ஈச்சரத்தைக் கட்டினர். கொடைகளையும் கடமைகளையும் தமிழ்க் கல்வெட்டுகளில் பதிந்தனர். ஆட்சி நடந்த இடத்தில் இத்தகைய தடயங்கள் எஞ்சும். பூஜாங் பள்ளத்தாக்கில் இதுவரை அத்தகைய சோழ ஆணை எதுவும் கிடைக்கவில்லை. மேலும், 1068ஆம் ஆண்டளவில் வீரராஜேந்திரன் கடாரத்தை வென்று, தன்னிடம் அடைக்கலம் வேண்டி வந்த அதன் அரசனுக்கே திருப்பிக் கொடுத்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. வென்றதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வணிக வழியையும் மேலாண்மையையும் மட்டும் நாடிய கொள்கையை, நாட்டை ஆளும் கொள்கையாகக் கருத இயலாது.

மூன்றாம் வாதம்: இன்னும் நூறாண்டு இருந்திருந்தால் பேரரசு நிலைத்திருக்கும்

இதுவே எல்லா வாதங்களிலும் கவர்ச்சி மிக்கது என்பதால் விரிவான விடை இதற்கே தேவைப்படுகிறது. பருவக்காற்றே அந்தக் கடலின் உண்மையான அரசன். தென்மேற்குக் காற்றில் கிழக்கே வந்த கப்பல், திரும்பிச் செல்ல வடகிழக்குக் காற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். கடாரத்தில் கலகம் மூண்டால் செய்தி கங்கைகொண்ட சோழபுரத்தை அடைந்து, அங்கிருந்து படை வந்து சேர ஏறத்தாழ ஓராண்டாகும். பாக் நீரிணைக்கு அப்பால் கைக்கெட்டும் தொலைவிலிருந்த இலங்கையையே சோழரால் எண்பது ஆண்டுகூட முழுமையாக வைத்திருக்க முடியவில்லை. 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றினான். 1054இல் கொப்பம் போர்க்களத்தில் ராஜாதிராஜன் மாண்டதும், 1070இல் அரியணைக்கு நேர்ந்த குழப்பமும், சாளுக்கியருடன் ஓயாது நடந்த போர்களும் சோழரின் கவனத்தையும் கருவூலத்தையும் மேற்கு எல்லையிலேயே கட்டிப்போட்டன. 1279உடன் சோழ அரசே மறைந்துவிட்ட நிலையில், அதன் தொலைதூரக் கிளை மட்டும் தழைத்திருக்கும் என்பதற்கு எந்த ஏதுவும் இல்லை.

ஆப்பிரிக்காவின் அக்சும் அரசு இதற்கு நல்ல ஒப்பீடாகும். இன்றைய எத்தியோப்பிய, எரித்திரிய நிலங்களில் எழுந்து, அதூலிஸ் துறைமுகத்தின் வழியே செங்கடல் வணிகத்தில் செழித்த அவ்வரசின் மன்னன் காலேப், 525ஆம் ஆண்டளவில் கடல் கடந்து ஏமனை வென்றான். சில ஆண்டுகளுக்குள் அவனுடைய படைத்தலைவர்களுள் ஒருவனான அப்ரகா தானே அரசனாகிவிட்டான். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரசீகர் ஏமனைக் கைப்பற்றினர். அக்சுமும் நாளடைவில் கடல் வணிகத்தை இழந்து உள்நாட்டு மலைப்பகுதிக்கு ஒதுங்கியது. கடலுக்கு அப்பால் வென்ற நிலத்தை நெடுங்காலம் ஆள வெற்றி மட்டும் போதாது என்பதை இரண்டு கடல்களின் வரலாறும் ஒருங்கே உரைக்கின்றன.

கடாரத்தின் நிலமும் பேரரசுக்கு இடங்கொடுக்கவில்லை. காவிரிப் படுகையின் நெல் சோழரைத் தாங்கியது. கம்போடியாவின் பெரிய ஏரிகளும் வாய்க்கால்களும் அங்கோரைத் தாங்கின. இன்று நெற்களஞ்சியம் எனப் போற்றப்படும் கெடாச் சமவெளியின் பெரும்பகுதியோ, 1885இல் தொடங்கிய வான் முகமது சமான் கால்வாயாலும், 1970இல் நிறைவேறிய மூடா நீர்ப்பாசனத் திட்டத்தாலுமே இன்றைய விளைநிலமாயிற்று. உணவு உபரியின்றியும் ஸ்ரீவிஜயம் நெடுங்காலம் செழித்ததே என்று கேட்கலாம்; ஆனால் ஸ்ரீவிஜயத்தின் வலிமை பல துறைமுகங்களின் தளர்வான கூட்டிணைப்பில் இருந்தது, ஒரே தலைநகரிலிருந்து ஆளும் பேரரசின் கட்டுக்கோப்பில் இருக்கவில்லை. கடாரம் அக்கூட்டிணைப்பில் ஒரு முதன்மைத் துறையாக விளங்கியதே அதன் பெருமை.

சோழர் படையெடுப்புக்குப் பின் கடாரம் அழியவுமில்லை. வணிக நடுவிடம் சுங்கை மாசிலிருந்து பெங்காலான் பூஜாங்குக்கு நகர்ந்து, 12ஆம் நூற்றாண்டு தொடங்கிச் சீனப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் அங்கே குவிந்தன. பிற்காலத்தில் கெடா சுல்தானகமாக மாறிய அந்நாடு, சயாமுக்குப் புங்கா மாஸ் என்னும் பொற்பூ மரத்தைத் திறையாக அனுப்பியும், வலியாருடன் இணங்கியும் தன் அரச மரபைக் காத்துக்கொண்டது. மரபுக் கணக்கின்படி 1136 முதல் தொடரும் அந்த அரசகுலத்தின் நீண்ட வாழ்வு, நிலைத்திருப்பதற்குப் பேரரசாவது ஒன்றே வழியன்று என்பதற்குக் கண்கூடான சான்றாக உள்ளது.

நான்காம் வாதம்: இதை மறுப்பது தமிழரின் வேரை மறுப்பதாகும்

இவ்வாதத்தின் பின்னுள்ள வலி மதிக்கத்தக்கது. பள்ளிப் பாடங்களிலும் பொது நினைவிலும் தங்கள் முன்னோர்க்கு உரிய இடம் கிட்டவில்லை என்று கருதும் மக்கள், பழம்பெருமையில் துணை தேடுவது இயல்பே. ஆயினும் அவர்கள் தேடும் பெருமை, படையெடுப்பைவிட அமைதியான உறவுகளில்தான் நிறைந்திருக்கிறது. வணிகக் கணம் என்பது தொலைதூர வணிகர் தமக்குள் விதிகள் வகுத்து நடத்திய கூட்டமைப்பு; அவற்றுள் ஒன்றான மணிக்கிராமம், ராஜேந்திரன் பிறப்பதற்கு முன்பே, 9ஆம் நூற்றாண்டில் தாய்லாந்தின் தக்குவாபாவில் குளம் ஒன்றைக் காக்கும் பொறுப்பேற்றதைத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. ஐந்நூற்றுவர் என்னும் கணம் 1088இல் சுமாத்திராவின் பாரூசில் தமிழில் கல்வெட்டுப் பொறித்தது. உறவு ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரை அளித்ததை லெய்டன் செப்பேடுகள் காட்டுகின்றன. 1090இல் கடாரத் தூதுவரின் வேண்டுகோளை ஏற்று முதலாம் குலோத்துங்கன் அவ்வறத்தை உறுதிப்படுத்தினான். வாளை நடுவில் வைத்து இந்த வரலாற்றைச் சொல்வோர், இருபுறமும் கைகோத்து வளர்த்த இந்த நட்பை ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றனர்.

கூலிம் வட்டாரத்து இன்றைய தமிழர் சோழப் படையின் வழித்தோன்றல்களாக அங்கு குடியேறவில்லை. பெரும்பாலோரின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர் கங்காணிகள் திரட்டிய ஆட்களாகவும் தோட்டங்களுக்கு வந்து, காட்டை அழித்து, ரப்பர் நட்டு, பால் வெட்டி, லயங்களில் பிள்ளைகளை வளர்த்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு உழைப்போர் வீதிக்குத் தள்ளப்பட்ட காலத்தில், அமைச்சர் துன் சம்பந்தனின் தலைமையில் 1960இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டி, கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தைத் தன் முதல் தோட்டமாக வாங்கியது. நாட்டின் மீது இவர்களுக்குள்ள உரிமை இந்த உழைப்பிலும் குடியுரிமைச் சட்டத்திலும் ஊன்றி நிற்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய படையெடுப்பை அவ்வுரிமைக்கு ஆதாரமாக்கினால், உழைத்து வந்தவர்களின் பிள்ளைகள் வென்று வந்தவர்களின் வாரிசுகளாகத் தாமே தம்மைச் சித்திரித்துக்கொள்ளும் தவறு நேரும். அது அண்டை இனத்தாரின் ஐயத்தை வளர்ப்பதோடு, தோட்டத்து மக்களின் உண்மையான தியாகத்தையும் மறைத்துவிடும்.

கடாரத்தின்பால் உண்மையான அக்கறை உடையோர்க்குச் செய்யவேண்டிய பணி கண்ணெதிரே காத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டின் இறுதியில் சுங்கை பத்துப் பகுதியில் 11ஆம் எண்ணிட்ட தொல்கோயிலின் அடித்தளம் நில மேம்பாட்டுப் பணிக்காக இடித்தழிக்கப்பட்ட செய்தி வெளிவந்தபோது, எல்லா இனத்தாரும் அதைக் கண்டித்தனர். எஞ்சிய இடங்களைச் சட்டப் பாதுகாப்பின்கீழ்க் கொண்டுவரவும், மெர்போக் அருங்காட்சியகத்துக்குத் தமிழ்ப்பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்லவும், பூஜாங்கின் வரலாற்றை மலாய், தமிழ், சீனப் பிள்ளைகள் அனைவர்க்கும் பொதுச் சொத்தாகக் கற்பிக்கவும் எழும் குரலே, கற்பனைப் பேரரசைப் போற்றும் ஆயிரம் மேடைப் பேச்சுகளைவிடக் கடாரத்துக்குப் பெரிய நன்மையைச் செய்யும்.