குரலுக்கு உரியவன் யார்?

கலைஞன் காசுக்குக் கணக்குப் பார்க்கலாகாது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. வறுமையில் வாடி மறைந்தவனைப் போற்றுகிறோம். உழைப்புக்கு உரிய விலையைக் கேட்டுப் பெற்றவனை வணிகன் என்று இகழ்கிறோம். அமெரிக்கத் திரையுலகின் ‘பாடும் கௌபாய்’ ஜீன் ஆட்ரியையும் அவ்வாறே இகழ்வார் உளர். குதிரைமேல் அமர்ந்து கிதார் மீட்டிப் பாடிச் செல்வம் குவித்தவருக்குக் கலைஞர் என்னும் பெயர் எதற்கு என்பர். அவர் வரலாற்றை அறிந்தோர் அங்ஙனம் கூறார்.

1907-இல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த ஆட்ரி, இளமையில் இரயில்வேயில் தந்திப் பணியாளராக இருந்தவர். 1929-இல் இசைத்தட்டுகளில் பாடத் தொடங்கினார். பின்னர்ச் சிகாகோ வானொலி அவர் குரலைச் சிற்றூர்களுக்கும் எடுத்துச் சென்றது. 1934-இல் திரையில் தோன்றியவர், அடுத்த ஆண்டே ரிபப்ளிக் நிறுவனத்தின் கதாநாயகர் ஆனார். 1941-இல் ஒக்லஹோமாவில் ஓர் ஊரே அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது.

இப்புகழின் பயனை அறுவடை செய்தது யார்? ஆட்ரியின் படம் வேண்டுமெனில் தன் பிற படங்களையும் வாங்கியாக வேண்டும் என்று திரையரங்குகளை வற்புறுத்தியது அந்நிறுவனம். இம்முறையை எதிர்த்தும் ஊதிய உயர்வு கோரியும் 1938-இல் ஆட்ரி வெளியேறினார். உடனே ராய் ரோஜர்ஸ் என்னும் மற்றொரு பாடகரை நிறுவனம் நாயகர் ஆக்கியது. குதிரையும் தொப்பியும் இருந்தால் போதும், ஆள் யாராயினும் ஒன்றே என்பதன்றோ முதலாளியின் கலைக்கொள்கை!

புகழின் உச்சியில் இருந்தபோதே, 1942-இல், ஆட்ரி படையில் சேர்ந்தார். சீன-பர்மா-இந்தியப் போர்முனையில் போக்குவரத்து விமானம் ஓட்டினார். போர் முடிந்தபின், படையில் கழிந்த காலம் ஒப்பந்தக் கணக்கில் சேராது. விடுபட்ட நாட்களுக்கும் நடித்தே தீரவேண்டும் என்றது நிறுவனம். நாட்டுக்கு அளித்த ஆண்டுகளை முதலாளிக்கு வட்டியுடன் திருப்பித் தரவேண்டும் போலும்! ஆட்ரி வழக்காடினார். 1947-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அவருக்கே சார்பாகத் தீர்ப்பளித்தது. அதன்பின் தம் படங்களைத் தாமே தயாரித்தார்.

அவர் படங்களில் குறை இல்லாமல் இல்லை. உண்மையான மந்தை மேய்ப்போருள் பலர் கறுப்பரும் மெக்சிகரும் ஆவர்; திரையோ அவர்களைப் பெரும்பாலும் மறைத்தது. இக்குறையைச் சுட்டுவது நேர்மை. உரிமை கேட்டதைக் குறையாகச் சொல்வது நேர்மையன்று.

1988-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் மேற்கு அமெரிக்க வரலாற்றுக்கென அருங்காட்சியகம் நிறுவினார் ஆட்ரி. 1998-இல் 91-ஆம் வயதில் மறைந்தார். உரிமையை விட்டுக்கொடுத்திருந்தால் அவரிடம் ஈவதற்கு என்ன இருந்திருக்கும்?

அன்பர்களே, நம் விழாக்களிலும் பாடகருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். ஊதியம் பற்றிப் பேச மட்டும் நாணுகிறோம். பொன்னாடையால் அடுப்பு எரியாது. பாடுவோர்க்கு உரியதை அவர் கேட்குமுன் கொடுப்போம்; கேட்டால் முகம் சுளியாதிருப்போம்.