மிச்சமான நேரம் யாருக்கு?

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இன்றும் அதன் வாசற்படியில் தொங்கியபடிதான் வேலைக்குப் போகிறான் நம் தோழன். ஏறும்போது வியர்வை, இறங்கும்போது களைப்பு. இயந்திரத்தின் முன் நிற்கு முன்னே பாதி வலு பறிபோகிறது! எட்டு மணி நேர வேலை என்பது ஏட்டிலே. போக வரச் செலவாகும் இரண்டு மூன்று மணி நேரமோ எந்தக் கூலிக் கணக்கிலும் ஏறுவதில்லை.

2020இல் கொரோனா வந்தது, ஊரடங்கு வந்தது. கணிப்பொறி முன் அமரும் இளைஞர்க்கு வீடே அலுவலகமாயிற்று. அலைச்சல் மிச்சம், பேருந்துக் காசு மிச்சம், பெற்ற பிள்ளையின் முகத்தைப் பகலிலே பார்க்க முடிந்தது. நல்லதுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால், மிச்சமான நேரம் யாரிடம் போய்ச் சேர்ந்தது? இரவு பத்து மணிக்கும் அழைப்பு! ஞாயிறன்றும் கட்டளை! அலுவலகம் என்றால் வேலை முடிந்து வீட்டுக்குப் போகலாம். வீடே அலுவலகமானால் எங்கே போவது?

வீட்டிலிருந்து வேலை என்பது புதிதா? நெல்லைச் சீமைத் தாய்மாரைக் கேளுங்கள். மடியிலே முறம், முறத்திலே பீடி இலையும் தூளும். தலைமுறை தலைமுறையாக வீட்டிலிருந்தே உழைத்தவர்கள் அவர்கள். கண்ட சுகம் என்ன? குடிசைக்குள் புகையிலை நெடி, குனிந்த முதுகில் வலி! 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளியே என்றது. வீட்டிலிருந்து உழைப்போர்க்கென 1996இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை கண்டது. இந்திய அரசு இன்னும் அதை ஏற்கவில்லை!

எனவே, வீடா ஆலையா என்பதல்ல வழக்கு. நேரம் யாருடையது என்பதே வழக்கு. கடைசல் இயந்திரத்தைக் கூடத்திலே கொண்டுவந்து வைக்க முடியாது. ஆலைத் தொழிலாளி பயணம் செய்தே தீரவேண்டும். அவனுக்கு, அமர்ந்து செல்ல ரயிலும் பேருந்தும் பெருகட்டும். வீட்டிலிருந்து உழைப்பவனுக்கு, மணி அடித்ததும் அழைப்பு நிற்கட்டும். பிரான்சு நாட்டில் 2017 முதல், ஐம்பது பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் இதைப்பற்றித் தொழிலாளரோடு பேசியாக வேண்டும் என்பது சட்டம். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். எட்டு மணி நேர உரிமைக்காகப் பிறந்த நாள் அது. ஆலை வாயிலில் பெற்ற அந்த உரிமையை வீட்டு வாயிலில் இழக்கலாமா? கூடாது, தோழர்களே! உழைப்புக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் உள்ள பொழுது நம்முடையது!