ரோமியோ ஜூலியட்: பாதி படிச்சா சோகம் புரியுமா?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், டாம்பா நகரம் இருக்கும் ஹில்ஸ்பரோ மாவட்டப் பள்ளிகளில் 2023 ஆகஸ்ட்டில் ஒரு முடிவு வந்தது. ஷேக்ஸ்பியர் நாடகங்களை வகுப்பில் முழுசா நடத்த வேண்டாம், சில பகுதிகள் போதும் என்பதுதான் அது.

ஏன் இந்த முடிவு?

பாலியல் விவரிப்பு இருப்பதாகப் பெற்றோர் ஆட்சேபித்தால், 5 பள்ளி நாட்களுக்குள் அந்தப் புத்தகத்தை எடுத்துவைத்து விசாரிக்க வேண்டும் என்ற சட்டம் அதே ஆண்டு ஜூலையில் அமலானது. ரோமியோ ஜூலியட்டில் இரட்டை அர்த்த ஜோக்குகள் நிறைய. புதிய மாநிலத் தேர்வுகளும் ஒரு காரணம் என்றது மாவட்டம். 'ஷேக்ஸ்பியருக்குத் தடையில்லை' என்று மாநிலக் கல்வித் துறை விளக்கம் கொடுத்தது. ஆனால், புகார் வருமோ என்ற பயத்துக்கு அந்த விளக்கம் மட்டும் போதுமா?

இதில் என்ன நஷ்டம்?

இந்த நாடகத்தின் முக்கிய உத்தி நாடக முரண். அதாவது, பார்ப்பவருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாது. ஜூலியட் சாகவில்லை, மருந்து மயக்கத்தில் இருக்கிறாள் என்று நமக்குத் தெரியும். கடிதம் கொண்டுபோன துறவி கொள்ளைநோய் பயத்தால் ஒரு வீட்டில் அடைக்கப்பட்டதும் தெரியும். ரோமியோவுக்கு ரெண்டுமே தெரியாது. முந்தைய காட்சிகளை விட்டுவிட்டு கல்லறைக் காட்சியை மட்டும் படித்தால், அவன் விஷம் குடிப்பது வெறும் தகவல்தான்.

ஜோக்குகளும் சும்மா இல்லை. அதிகம் கிண்டலடிக்கும் மெர்குஷியோ மூன்றாம் அங்கத்தில் சாகும்போதுதான் நாடகமே சோகத்துக்குத் திரும்புகிறது. அதுவரை சிரிக்காதவருக்கு அந்த அதிர்ச்சி எப்படிப் புரியும்?

நாடக முரணுக்கு விளக்கம் எழுதி மார்க் வாங்க சில பக்கங்கள் போதும். 'ஐயோ, அவ சாகலடா, கொஞ்சம் பொறு' என்று பதற, முழு நாடகமும் வேணும்.